கலிங்கத்தில் பொறிக்கப்படாத சாசனம்

அசோகச் சக்கரவர்த்தி கலிங்கத்தை வென்றார், மனம் வருந்தினார், பௌத்தரானார், மகிந்த தேரரை இலங்கைக்கு அனுப்பினார். பாடசாலையில் நாங்கள் இதை ஒரே மூச்சில் பாடமாக்கினோம். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. எங்கள் சமூகக்கல்வி ரீச்சர் மட்டும் இடையில் நிறுத்தி, "வருந்தினார் சரி, பிறகு என்ன செய்தார்?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேட எங்களுக்கு நெடுங்காலம் சென்றது. முடிசூடிய எட்டாம் ஆண்டில், ஏறக்குறைய கி.மு. 260இல், அசோகர் கலிங்கத்தைக் கைப்பற்றினார். அவருடைய 13ஆம் பாறைச் சாசனம் 150,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டதாகவும், 100,000 பேர் கொல்லப்பட்டதாகவும், இன்னும் பல மடங்கினர் மாண்டதாகவும் கூறுகிறது. காயமின்றித் தப்பியவர்களும் தம் நண்பருக்கும் உறவினருக்கும் நேர்ந்ததால் துன்புற்றனர் என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. வென்ற அரசனே இப்படிக் கணக்குக் கொடுத்தது பழைய உலகில் மிக அரிது. (1837இல் ஜேம்ஸ் பிரின்செப் இவ்வெழுத்துகளை வாசித்தபோது, 'பியதசி' என்பவர் அசோகரே என்று காட்ட உதவியவை நம் நாட்டுப் பாளி நூல்கள். அவற்றைக் கற்ற ஜோர்ஜ் டர்னர் இலங்கையில் பணியாற்றிய அதிகாரி.)

இச்சாசனம் இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கர்ஹியில் உண்டு. குஜராத்தின் கிர்னாரில் உண்டு. கலிங்கத்துக்குள் இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. மற்றைய சாசனங்கள் பல அங்கும் இருக்க, இது மட்டுமன்றி 11ஆம், 12ஆம் சாசனங்களும் விடப்பட்டு, வேறு இரண்டு சாசனங்கள் இடம்பெற்றுள்ளன. தூரத்து மக்கள் வாசித்த வருத்தத்தை, அடிபட்ட மக்கள் தங்கள் மண்ணில் வாசிக்கவில்லை.

வெட்கமா, அரசியல் எச்சரிக்கையா? இரண்டும் கலந்தது என்றே எங்களுக்குப் படுகிறது. ஆனாலும் அந்த இரண்டு சாசனங்களும் வெறும் பேச்சல்ல. மக்கள் யாவரும் தன் பிள்ளைகள் என்று அரசர் சொல்கிறார். காரணமின்றி எவரையும் சிறையிலிடவோ வதைக்கவோ கூடாது, கோபமும் அவசரமும் சோம்பலும் ஆகாது என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிடுகிறார். அது நடக்கிறதா என்று பார்க்க ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் அனுப்புவதாகவும் கூறுகிறார். பரிகாரத்தின் ஒரு பாதி இதில் உண்டு. ஆனால் கலிங்கம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. பிடித்துச் செல்லப்பட்டவர்கள் வீடு திரும்பியதாக 13ஆம் சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வைத்தியத் துறைக்கு வந்தபின் 2ஆம் சாசனம் எங்களுக்கு நெருக்கமானது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் சிகிச்சை, மூலிகை நடுதல், வழியோரக் கிணறுகள் பற்றிய அதில் சோழர், பாண்டியரோடு தம்பபண்ணியும், அதாவது எமது தீவும், பெயர் பெறுகிறது.

இனி எங்கள் கதை. உயர்தர வகுப்பில் நாங்கள் மூவர் நுணுக்குக்காட்டியின் வில்லையொன்றை உடைத்துவிட்டோம். ஆய்வுகூடம் கூட்டும் முறையிலிருந்த சின்ன வகுப்புப் பிள்ளையின் தலையில் பழி விழுந்தது. ஒரு கிழமை பொறுத்து, அதிபரிடம் போய் அழுது, காசு சேர்த்துக் கொடுத்தோம். அதிபர் மன்னித்தார். அந்தப் பிள்ளையிடம் நாங்கள் போகவேயில்லை.

இன்று உள்ளகப் பயிற்சி வைத்தியர்களிடம் இதே பழக்கத்தைக் காண்கிறோம். மருந்தின் அளவு பிழைத்தால் மேலதிகாரியிடம் உடனே சொல்கிறார்கள், பதிவேட்டிலும் எழுதுகிறார்கள். கட்டிலருகே இருக்கும் தாயிடம் சொல்லத்தான் கால் பின்வாங்குகிறது. அவ்வேளையில் அவர்களுக்குத் தௌலியின் கதையைச் சொல்லி, கட்டில்வரை கூடவே நடந்து போகிறோம்.

நூற்றாண்டு ஒன்றுகூடலுக்கு அந்தத் தங்கையும் வருகிறார் என்று அறிந்தோம். எங்கள் மூவரில் ஒருவர் கனடாவிலிருந்து வருகிறார். விருந்துக்கு முன்னர் ஆய்வுகூட வாசலில் அவரைச் சந்திப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.