பேரை மாத்தினா வரலாறு போச்சு

போன மாதம் ஆபீஸில் ஒரே மூச்சில் ஆயிரத்துச் சொச்சம் ஃபைல்களுக்குப் பெயர் மாற்றினேன். அதோடு நிறுத்தாமல் உள்ளேயும் கை வைத்து, மொத்தத்தையும் ஒரே கமிட்டாகப் போட்டுத் தொலைத்தேன். மறுநாள் ப்ளேம் அடிச்சுப் பார்த்தா, பல ஃபைல்ல எல்லா வரியும் நான் எழுதின மாதிரி நிக்குது! வேலையை விட்டுப் போன ஒருத்தர் எதுக்கு அந்த விநோதமான இஃப் கண்டிஷனைப் போட்டார்ங்கிற குறிப்புக்கு நேரா போக வழியில்லை.

இந்தத் தலைவலி பழசு. 1986-ல் டிக் க்ரூன் தொடங்கிய சிவிஎஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி வரலாறு, அதுவும் பெயரோடு கட்டிப்போட்டது. பெயர் மாற்றணும்னா பழசை நீக்கி, புதுசாகச் சேர்க்கணும். வரலாறு அங்கேயே அறுந்துடும். சில கில்லாடிகள் சர்வருக்குள்ளேயே போய் அந்த வரலாற்று ஃபைலை நகர்த்துவாங்க. வரலாறு தப்பிக்கும், ஆனா பழைய ரிலீஸை எடுத்தா அதிலும் புதுப் பெயர்தான் இருக்கும், பில்ட் புட்டுக்கும். :-)

2004-ல் சப்வெர்ஷன் 1.0 வந்தது. பெயர் மாற்றம் என்பது 'நகல் எடு, பழசை அழி' என்று பதிவானது. வரலாறு பிழைத்தது. ஆனா இன்னொருத்தர் பழைய பெயரில் திருத்தியிருந்தா மெர்ஜ் சொதப்பும். 2009-ல் 1.6 வந்த பிறகுதான் 'ட்ரீ கான்ஃப்ளிக்ட்' என்று எச்சரிக்கவே ஆரம்பித்தது.

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டில் பெயர் மாற்றத்தைப் பதிவே செய்யவில்லை. உள்ளடக்கத்தின் ஹாஷ் ஒன்றாக இருந்தால் அதே ஃபைல், அவ்வளவுதான். திமிரான முடிவு, எனக்குப் பிடிச்ச முடிவு. 2007 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலில் ஐ386, எக்ஸ்86_64 இரண்டு டைரக்டரிகளையும் ஒன்றாக்கினாங்க. மோதும் ஃபைல்களுக்கு _32, _64 என்று வால் ஒட்டி முதலில் நகர்த்தினாங்க, ஒன்றாக்கும் வேலை பிறகு. அதே மாதம் லினஸ், அப்படியே நகர்ந்த ஃபைல்களை ஹாஷ் டேபிள் வைத்து வேகமாகக் கண்டுபிடிக்கும்படி கிட்டை மாற்றினார்.

உள்ளே திருத்தம் இருந்தால்தான் வம்பு. நீங்கிய 1000, வந்த 1000 என்றால் ஒப்பிட 10 லட்சம் ஜோடி. பாதிக்கு மேல் ஒத்துப்போகலைன்னா புது ஃபைல்னு முடிவு கட்டிடும். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு, அதைத் தாண்டினால் கைவிட்டுடும். 2021-ல் எலைஜா நியூரன் மெர்ஜ் பகுதியைத் திருத்தி எழுதினார். கெர்னலின் டிரைவர்ஸ் டைரக்டரியைப் 'பைலட்ஸ்' என்று மாற்றி, சுமார் 26,000 பெயர் மாற்றங்களோடு சோதித்தார். என்னா குசும்பு!

நல்லவேளை, என் பிராஞ்ச் இன்னும் மெர்ஜ் ஆகலை. ரெண்டு கமிட்டாகப் பிரிச்சேன். முதலாவதில் ஸ்கிரிப்ட் வைத்துப் பெயர் மட்டும், அடுத்ததில் உள் திருத்தம். இப்போ அந்த இஃப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கு. ரெண்டையும் ஸ்குவாஷ் பண்ணி ஒன்றாக்கிடாதீங்கன்னு டீம் லீடுக்குத் தனியா ஒரு மெயில் தட்டியிருக்கேன்.