காலராவும் கொலஸ்ட்ராலும்: கல்கத்தாவில் ஒருத்தர் கேட்ட கேள்வி

போடியில் எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போறவங்க வீட்டிலும் வயிற்றுப்போக்குன்னா முதல்ல தேடுறது அதைத்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி எப்படி உயிரைக் காப்பாத்துது? அந்தக் கதைக்குக் கல்கத்தா போகணும்.

1884-ல் ராபர்ட் கோக் அங்கேதான் காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். கிருமி ஒரு விஷத்தைச் சுரக்குது என்றும் ஊகித்தார். ஆனா அதுக்கப்புறம் 70 வருஷத்துக்கும் மேலே அந்த விஷத்தை யாராலும் நிரூபிக்க முடியலை. ரத்தத்தில், உடம்பு முழுக்கத் தேடினாங்க. நம்ம பாஷையில், தப்பான சர்வர்ல லாக் பார்த்த மாதிரி.

சம்பு நாத் டே இடத்தை மாத்தினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை ரெண்டு பக்கமும் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டில் நீர் நிரம்பி வீங்கியது. இது 1953. கிருமியையே வடிகட்டி எடுத்துட்டு, மிச்ச திரவத்தை மட்டும் செலுத்தினாலும் அதே வீக்கம்! இதை 1959-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். விஷம் இருக்குது, அது வேலை செய்யும் இடம் குடல்சுவர்.

சரி, ஒரு விஷம் எப்படி செல்லிலிருந்து தண்ணியைக் கொட்ட வைக்குது? அடுத்து வந்தவங்க கண்டுபிடிச்சது இது. குடல் செல்லின் சவ்வில் ஜிஎம்1 என்ற கொழுப்புப் பொருள் இருக்கு. விஷம் அதைப் பிடிச்சுக்குது, பிறகு உள்ளே இழுக்கப்படுது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை எகிறுது. குளோரைடு வாசல் திறந்தே கிடக்குது. உப்பு வெளியேற, தண்ணியும் பின்னாடியே போகுது. கடுமையான நோயாளிக்கு மணிக்கு 1 லிட்டர் வரைக்கும்!

இங்கேதான் கொலஸ்ட்ரால் வருது. சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த சின்னச் சின்னத் திட்டுகள் உண்டு. ஜிஎம்1 அங்கே கூடி நிக்கும். 1998-ல் மனிதக் குடல் செல்களுக்கு, கொலஸ்ட்ராலைப் பிடிச்சு முடக்கும் ஃபிலிபின் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தாங்க. விஷத்தின் வேலை தடைபட்டது. ஆக, வாசற்படியில் நிக்கிறது வேற, உள்ளே போறது வேற. அந்த வழிக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுது. எல்லா வகைச் செல்லிலும் இதே அளவுக்கு இல்லை. லேப் ரிப்போர்ட்டில் வர்ற ரத்தக் கொலஸ்ட்ராலோட இதைக் குழப்பிக்கவும் வேண்டாம்.

இப்போ பாக்கெட்டுக்கு வருவோம். காலரா வெளியேற்றும் வாசலைத் திறக்குது. ஆனா சர்க்கரையும் சோடியமும் ஜோடியா உள்ளே வரும் வாசலை அது தொடுறதில்லை. ஓ.ஆர்.எஸ். அந்த வழியாத்தான் நுழையுது, தண்ணியும் கூடவே வருது. 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் நிரம்பிய பன்காவில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் அதைக் குடிக்கக் கொடுத்தப்போ, 30 சதவீதம் அளவுக்கு இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

டே 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு வரலை. 1985-ல் காலமானார். அவர் பெரிய கருவி எதையும் நம்பி இறங்கலை. எங்கே தேடுறோம்னு மட்டும் மறுபடி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் சவ்வின் கொழுப்பு வரைக்கும் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். அவர் பேரை ஒரு தடவையாவது நண்பர்கள்கிட்ட சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.