அடி (வினைச்சொல்): காசிமேட்டு வழக்கு

அடி என்பது தமிழில் மிகப் பரவலாக வழங்கும் வினைச்சொற்களில் ஒன்று. கையாலோ கருவியாலோ தாக்குதல் என்பது இதன் முதற்பொருள். எழுத்தில் ‘அடித்தான்’, ‘அடித்துக்கொண்டு’ என்று வருவது வடசென்னைப் பேச்சில் ‘அட்ச்சான்’, ‘அட்சிக்கினு’ என்றாகும். பாதத்தையும் செய்யுள் வரியையும் 12 அங்குல நீளத்தையும் குறிக்கும் ‘அடி’ பெயர்ச்சொல், அது தனி. இக்கட்டுரை ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும் அதற்கு வடக்கே எண்ணூர் வரையிலும் வழங்கும் வினையைப் பற்றியது.

ஆங்கிலத்தில் பொருள் மிகுந்த வினைகள் என்று ‘செட்’டையும் ‘ரன்’னையும் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது. பின்வந்த திருத்தத்தில் ‘ரன்’ 600-க்கும் மேற்பட்ட பொருள்களோடு அதை முந்திவிட்டது. தமிழில் போடு, விடு, பிடி, படு ஆகியவையும் இந்த வரிசையில் நிற்கத் தக்கவை. ஆனாலும் வேலையும் வானிலையும் விளையாட்டும் ஒருங்கே பேசப்படும் காசிமேட்டில் ‘அடி’க்கு இருக்கும் வீச்சு மற்றவற்றுக்கு இல்லை.

முதலில் வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிட்டுப் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பிரிந்த பலகைக்கு ஆணி அடிப்பார்கள். தடை முடிந்து கிளம்பும்போது டீசல் அடிப்பார்கள். உள்ளே ஊறிய தண்ணீரைப் பம்பு வைத்து வெளியே அடிப்பார்கள். கரை திரும்பினால் வியாபாரி விலையை அடித்துக் கேட்பார். இவற்றில் ஆணி ஒன்றின்மேல்தான் நிஜமாகவே அடி விழுகிறது. பெயிண்டில் பூசுதல், டீசலிலும் தண்ணீரிலும் வேகத்தோடு பாய்ச்சுதல், விலையில் குறைத்தல் என்று பொருள் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொண்டு நகர்கிறது.

அடிப்பவர் யாருமே இல்லாத ‘அடி’யும் உண்டு. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, அலை அடிக்கிறது. கடலுக்குப் போகலாமா என்ற முடிவே வாடைக் காற்று அடிக்கிறதா, கச்சான் காற்று அடிக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதே வினையோடு ‘கொண்டு போ’ சேர்ந்தால் பொருள் கனத்துவிடும். அலை அடிப்பது அன்றாடம்; 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததோ அலை அடித்துக்கொண்டு போனது. அன்றைய ஆழிப்பேரலையில் காசிமேட்டுப் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின.

வாசனைக்கும் இதே சொல்தான். மீன் கவிச்சி அடிப்பதை இங்கே யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் ஆலைகள் நெருங்கிய எண்ணூர்ப் பக்கம் ‘நெடி அடிக்குது’ என்பது எச்சரிக்கை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். காற்றில் எது அடிக்கிறது என்பதைப் பிரித்தறிவது இப்பகுதி மக்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அதை அவர்கள்மேல் சுமத்தியிருக்கக் கூடாது.

இலக்கண நோக்கில் சுவையான வேலை ஒன்றையும் இவ்வினை செய்கிறது. தன்வினையின் செயவென் எச்சத்தோடு சேர்ந்து அதைப் பிறவினையாக்கும்: மூழ்கு–மூழ்கடி, தோல்–தோற்கடி, சா–சாகடி, மற–மறக்கடி. படகு தானாக மூழ்கலாம்; மூழ்கடிக்க இன்னொன்று வேண்டும். தாக்குதல் என்ற பழைய பொருளின் சாயல் இந்தக் கூட்டுகளில் இன்னும் இருக்கிறது.

தெருப்பேச்சில் ‘அடி’ பெருகிக்கொண்டே போகும். தம் அடி, சைட் அடி, கட் அடி, ஓபி அடி, ஜால்ரா அடி, அரட்டை அடி, பல்டி அடி. தெருக் கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவன் காஜி அடிப்பான். வடசென்னையின் செல்ல விளையாட்டான கேரமில் காயின் அடிப்பார்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். ‘அவள அடிச்சிக்க ஆளே இல்ல’ என்றால் அவருக்கு நிகர் இல்லை என்று பொருள். முதலில் சொன்னவற்றில் தம் அடி என்பது புகைத்தல், கட் அடி என்பது வகுப்புக்குப் போகாமலிருத்தல். அயல்மொழிச் சொல் எது வந்தாலும் ‘அடி’யைச் சேர்த்து உடனே தமிழ் வினையாக்கிவிடுகிறார்கள்.

பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் அது ஏற்கும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்திருக்கிறது. ‘தண்ணி அடிக்கிறான்’ என்றால் கைப்பம்பின் பக்கத்தில் ஒரு பொருள், மதுக்கடையின் பக்கத்தில் வேறு பொருள். கரிசல் மண்ணுக்குக் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்ததுபோல், வடசென்னைக் கரையின் தொழிற்சொற்களையும் அவற்றைப் பேசும் தலைமுறை இருக்கும்போதே தொகுத்தாக வேண்டும்.

எங்கும் நுழையும் இவ்வினை காசிமேட்டின் மையத் தொழிலில் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. வலையில் மீன் கிடைப்பதை ‘மீன் பட்டது’ என்பார்கள். கிடைத்த மீனுக்குப் பாடு என்று பெயர். அங்கேயும் எதிர்பாராமல் வஞ்சிரம் மொத்தமாகப் பட்டால் மட்டும் ‘லக் அட்ச்சிச்சு’ என்பார்கள்.