வாப்பாவின் மணிக்கூடும் பழைய நேரமும்

வாப்பா மௌத்தாகி நாலு வருஷமாகிறது. அவருடைய சீக்கோ 5 மணிக்கூட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று போன கிழமைதான் உம்மாவும் பிள்ளைகள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். கொழும்பில் பழைய மணிக்கூடு சேர்க்கும் ஒருவர் 18,000 ரூபா தருவதாகச் சொல்லியிருந்தார். அது அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. பெருநாளைக்கு யாராவது கட்டுவோம். பற்றரி இல்லாத சாமான், கை அசைந்தால்தான் ஓடும். கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குள் நின்றுவிடும்.

1977க்குப் பிறகு நாடு திறந்துவிடப்பட்டு, எங்கள் ஊர்களில் இருந்து ஆட்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். வாப்பாவும் அப்படித்தான் சவூதிக்குப் போனார். அங்கு வாங்கியது என்பதால் கிழமை காட்டும் சின்ன ஜன்னலில் இன்றைக்கும் அறபியில் நாள் விழும். உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969இல் விற்பனைக்கு விட்டதும் இதே சீக்கோதான். அதற்குப் பிறகும் நம்மவர்கள் பற்றரி போடத் தேவையில்லாத இதைத்தான் நம்பி வாங்கி வந்தார்கள்.

ஆனால் எங்கள் பேச்சு விலையில் நிற்கவில்லை, 1996க்குப் போய்விட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. கரண்டை மிச்சப்படுத்த அரசாங்கம் மே 25ஆம் திகதி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி பத்து வருஷத்துக்கு அப்படியே கிடந்தது. சூரியனுக்கு அரசாங்கச் சுற்றறிக்கை செல்லாதே! ஆறேகால் மணியளவில் சொன்ன மஃரிப் பாங்கு அந்த மே மாதம் ஏழேகாலுக்குப் போனது. சின்னப் பிள்ளைகளாக இருந்த எங்களை உம்மா விடிந்தும் விடியாத நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவா.

புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதுநேரத்தை ஏற்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஒரு நேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் இன்னொரு நேரம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வாப்பா நெல் வாங்க அக்கரைக்குப் போவார். "பத்து மணிக்கு வாங்க" என்றால், "எந்தப் பத்து?" என்று கேட்டுத்தான் தோணி ஏறவேண்டும். சின்ன நாடு, பெரிய சண்டை, நடுவில் அரை மணி.

அவர் இந்த மணிக்கூட்டில் ஒருநாளும் புதுநேரம் வைக்கவில்லை. சுவர் மணிக்கூடு அரசாங்கத்துக்கு, கையில் இருப்பது தனக்கு என்பார். அரசியல் காரணம் ஏதும் இருந்ததாக எங்களுக்குத் தெரியாது. கணக்குப் பார்த்தால் அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. 1906இல் இருந்து நாம் வைத்திருந்த ஐந்தரை மணி நேரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கோட்டுக்கு உரியது. மட்டக்களப்பின் சூரியனுக்கும் அதற்கும் சராசரியாக மூன்று நிமிடம்தான் வித்தியாசம். இரண்டாம் உலகப் போரிலும் 1942இல் நேரத்தை இரண்டு தடவை தள்ளி, 1945 ஒக்டோபரில் பழையதற்கே வந்தார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதியும் அதேதான் நடந்தது. நள்ளிரவு கடந்து 12.30 ஆனதும் முள்ளை 12.00க்குத் திருப்பச் சொன்னார்கள். வாப்பா சுவர் மணிக்கூட்டை மட்டும் திருப்பிவிட்டுப் படுத்தார்.

இனி பங்கு. மணிக்கூடும் வாப்பா விட்டுப்போன சொத்துத்தான், ஒருவர் எடுத்து வைத்துக்கொள்ள ஏலாது. 18,000இல் உம்மாவுக்கு எட்டில் ஒன்று 2,250. ஆண்கள் இருவருக்கும் 5,250 வீதம், பெண்கள் இருவருக்கும் 2,625 வீதம். ராத்தாவுக்கு இந்த மாதம் அந்தக் காசு உண்மையிலேயே தேவைப்பட்டது. அவ வாய் திறக்கவில்லை. காக்காதான் விளங்கிக்கொண்டு, அவவின் பங்குக் காசை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார்.

விற்கவில்லை. காத்தான்குடியில் மணிக்கூடு திருத்துபவர் கழுவி எண்ணெய் விட 3,500 ரூபா கேட்டார். அதையும் பங்கின்படியே போட்டோம். ராத்தாவின் பங்கு இப்போது காக்காவுடையது என்பதால் அவருக்குத்தான் செலவு கூட.