சில்லுக்கும் நீருக்கும் நடுவே

கணிப்பொறிக்குள் தண்ணீரா என்று வியக்க வேண்டாம். வெப்பநிலை ஒரு டிகிரி உயர, ஒரு லிட்டர் நீர் ஏற்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று ஏற்பதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. ஆனால், மின்னோடும் சில்லின்மேல் அதை நேரே ஊற்ற முடியுமா?

1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியைப் பாருங்கள். ஒரே பீங்கான் பலகையில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள். பற்றவைத்தபின் அவை ஒரே மட்டமாக நிற்பதில்லை. சற்றுச் சாய்ந்தும் இருக்கும். தட்டையான தகடு ஒன்றை மேலே வைத்தால் சிலவற்றைத் தொடும், சிலவற்றைத் தொடாது. தொடாத இடத்தில் காற்று, காற்றோ அரிதிற்கடத்தி. எனவே ஒவ்வொரு சில்லின்மேலும் சுருள்வில் அழுத்தும் ஓர் அலுமினியப் பிஸ்டனை நிறுத்தினார்கள். எஞ்சிய இடுக்குகளில் ஹீலியத்தை நிரப்பினார்கள். அது காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நீர் ஓடியது அதற்கும் மேலே, தனித் தகட்டில். என்னைக் கேட்டால், நீரைவிடப் பிஸ்டனுக்கே பாராட்டு உரியது.

1990-களில் குறைந்த மின்திறனில் இயங்கும் சீமாஸ் சில்லுகள் வந்ததும், ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகள் காற்றுக்கே திரும்பின. நீர், மேசைக் கணிப்பொறிக்குக் குடிபெயர்ந்தது. செயலியை அதன் அளவுக்கு மீறி விரைவாக ஓட்டுவோர் மின்னழுத்தத்தையும் உயர்த்துவார்கள். வெப்பமோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். விசிறியைக் கழற்றிவிட்டுச் செயலிக்கு நீர்த்தகடு பொருத்தினால் என்ன ஆகும்? பக்கத்தில், 12 வோல்ட்டை ஏறத்தாழ ஒரு வோல்ட்டாக இறக்கித் தரும் டிரான்சிஸ்டர்கள், ஓசியில் கிடைத்த விசிறிக் காற்றை இழந்துவிடும்! 200 வாட் வழங்கும் சுற்று 90 விழுக்காடு திறமையுடையது என்றாலும், 22 வாட் அங்கேயே வெப்பமாகும். ஆகவே அவற்றுக்கும் நீர்த்தகடு வேண்டியதாயிற்று. அவையும் உயரம் ஒவ்வாதவை. நடுவே வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டையை வைக்கிறார்கள். பட்டை மெல்லியதாகிவிட்டால் தகடு தொடாது. நீர் எவ்வளவு ஓடினாலும் டிரான்சிஸ்டர் சூடேறிக்கொண்டே போகும்.