தகரத் துண்டிலிருந்து கைக்கடிகாரம் வரை



பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போயிருப்பீர்கள். அங்கே இப்போதெல்லாம் ஒரு வேடிக்கை பார்க்கலாம். இளைஞன் ஒருவன் வாயிலுக்கு வருகிறான். கையில் தாளும் இல்லை, அட்டையும் இல்லை. மணிக்கட்டைத் திருப்பி ஒரு கண்ணாடிப் பெட்டியின்மேல் காட்டுகிறான். "பீப்" என்று ஓர் ஓசை, அவ்வளவுதான், உள்ளே போய்விடுகிறான். பின்னால் நிற்கும் பெரியவர், "என்னப்பா இது, மணி பார்க்கிற மாதிரி காட்டிட்டுப் போறான்!" என்று வாய்பிளக்கிறார். அவன் காட்டியது போர்டிங் பாஸ். விமானத்தில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு இன்று கைப்பேசிக்குள்ளும் கைக்கடிகாரத்துக்குள்ளும் புகுந்துகொண்டது.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுப் பவிசு, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பயணச் சீட்டை உடம்பிலே கட்டிக்கொண்டு கடல் கடந்தவர்கள் நம் இனத்தவர்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் இலங்கைக்குப் போவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுபோவதற்கு "டின் டிக்கெட்" என்றொரு முறை வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பொறித்த சிறு தகரத் துண்டைக் கயிற்றில் கோத்துத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வழியிலே அதைப் பார்க்கும் அதிகாரிகள், இந்த ஆள் இன்ன தோட்டத்துக்குப் போகவேண்டியவர் என்று தெரிந்துகொண்டு அனுப்பிவைப்பார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். கையில் காசு இல்லாதவரும், எழுத்து வாசனை அறியாதவரும், கங்காணி பக்கத்தில் இல்லாவிட்டாலும், வழி தவறாமல் போய்ச் சேர்ந்தனர். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகரம் சொன்னது தோட்டத்தைத்தான். முருகனா முனியாண்டியா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மூட்டைக்குக் கட்டும் அடையாளத் துண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் மலாயாவின் கதை சற்று வேறு. ஒப்பந்தக் கூலி முறை இங்கே 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பே, 1907-இல் சட்டம் போட்டுத் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தத்தம் ஆள்கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்டவேண்டும்; அதிலிருந்து கப்பல் சீட்டு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கங்காணி தன் ஊருக்குப் போவார், உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் திரட்டுவார், ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் சேர்ப்பார். அங்கிருந்து கப்பல். பினாங்கை அடைந்ததும் நேரே ஊருக்குள் விட்டுவிடமாட்டார்கள். ஜெரெஜா தீவில் இறக்கி, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகே கரைக்கு விடுவார்கள். பிறகு பிறையிலிருந்து தரைவழியே கூலிம், பாடாங் செராய், காராங்கான் பக்கத்துத் தோட்டங்களுக்கு. விக்டோரியா, ஹென்றியட்டா, டப்ளின் என்று வாயில் நுழையாத பெயர்களெல்லாம் நம் பாட்டன்மார் வாயில் ஊர்ப் பெயர்களாக மாறியது இப்படித்தான்.

அந்தப் பயணத்தில் சீட்டு யாருடைய பொறுப்பில் இருந்தது? பெரும்பாலும் கங்காணியின் பொறுப்பிலே. "நான் சொல்ற இடத்துல நில்லு, கூப்பிட்டா வா" என்பதே பயணிக்குக் கிடைத்த விளக்கம். பெயரைக் காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதிக்கொண்டார். எழுதியது சரியா தவறா என்று பார்க்கப் பயணிக்கு எழுத்துத் தெரியாது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிச் சீட்டோடு கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதைத் தடைசெய்தது. அதோடு அந்தக் காலம் முடிவுக்கு வந்தது.

பிறகு தம் சொந்தக் காசில் சீட்டு வாங்கிப் போனவர்களின் காலம். அந்தக் காலத்தின் அரசி என்றால் "ரஜூலா" கப்பல்தான்! 1926-இல் கட்டப்பட்டது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு போய்வந்து கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். மேல்தட்டில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, சீட்டை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தவர்கள் இன்றும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். சீட்டு இடுப்பில் முடிந்திருந்ததே, அது சின்ன விஷயமா? தன் பயணம் தன் கையில் என்று நம்மவர் நிமிர்ந்த காலம் அது. 1973-இல் ரஜூலாவின் ஓட்டம் நின்றது. அடுத்து வந்த "சிதம்பரம்" கப்பல் 1985-இல் தீப்பிடித்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அதோடு சென்னைக்கும் நமக்கும் இடையே இருந்த கப்பல் வழி அற்றுப்போயிற்று. எல்லோரும் ஆகாய மார்க்கமாகத்தான் போகவேண்டும் என்றாயிற்று.

விமானச் சீட்டு ஆரம்பத்தில் ஒரு சிறு புத்தகம் போல இருக்கும். உள்ளே மெல்லிய தாள்கள். பின்பக்கம் சிவப்பு நிறக் கார்பன். எழுதினால் அடுத்த தாளிலும் படியும், நம் விரலிலும் படியும். தொலைத்தால் தொலைந்ததுதான், பணம் போட்டது போல அதைப் பத்திரப்படுத்த வேண்டும். 1994-இல் தாளில்லாச் சீட்டு அமெரிக்காவில் வந்தது. அதாவது சீட்டு விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கும்; நம்மிடம் இருப்பது ஓர் எண் மட்டுமே. 2008 ஜூன் 1 முதல் அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் தாள் சீட்டையே நிறுத்திவிட்டது. அதே 2008 டிசம்பரில்தான் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. நம் தோட்டத்துச் சனங்கள் பலர் "இணையத்தில் டிக்கெட் போடுறது" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

சீட்டு கணினிக்குள் போனபின் ஏறும் அட்டை மட்டும் ஏன் தாளாக இருக்கவேண்டும்? 2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கான்டினென்டல் விமான நிறுவனம் கைப்பேசித் திரையிலேயே போர்டிங் பாஸை அனுப்பிச் சோதித்தது. 2014-இல் ஸ்பெயின் நாட்டின் வுவேலிங் நிறுவனம் சோனி கைக்கடிகாரத்தில் அதைக் காட்ட வழிசெய்தது. 2015-இல் ஆப்பிள் கடிகாரம் கடைக்கு வந்தபின் இது பரவலாயிற்று.

மாணவர்களே, அந்தத் திரையில் தெரியும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வாசலில் அம்மா போடும் புள்ளிக் கோலம் போல இருக்கும். அதில் ஒரு வகை கியூ.ஆர். என்பது. 1994-இல் ஜப்பானில், கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உண்டாக்கப்பட்டது. இன்னொன்று அஸ்டெக் என்பது. நடுவிலே சதுரத்துக்குள் சதுரமாக, மேலிருந்து பார்த்த கோபுரம் போல் தோன்றும். கோலத்தில் ஒரு மூலை அழிந்தாலும் அம்மா மிச்சத்தைப் பார்த்துச் சேர்த்துவிடுவார் அல்லவா? அதைப்போலத் திரையில் கொஞ்சம் கீறல் விழுந்தாலும் படிக்கும் கருவி கணக்குப் போட்டு மிச்சத்தைத் தெரிந்துகொள்ளும்.

கோலத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது? ஒரு பயணத்துக்கு 60 எழுத்துகள் கட்டாயம். பெயர், முன்பதிவு எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், விமான எண், தேதி, இருக்கை, வரிசை எண். தேதியை ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எழுதுவார்கள். பிப்ரவரி முதல் தேதி என்றால் 032. மார்ச் முதல் தேதிக்கு என்ன வரும், சாதாரண ஆண்டுக்கும் லீப் ஆண்டுக்கும் தனித்தனியே கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

இதிலே நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. பெயருக்கு அந்தக் கோலம் ஒதுக்கியிருப்பது 20 எழுத்து இடங்கள்தான். நம் பெயர்களோ நீளமானவை. தன் பெயர், பிறகு அ/லெ அல்லது அ/பெ, பிறகு அப்பா பெயர். ஆங்கில எழுத்தில் எழுதினால் பல பேருக்கு 20-ஐத் தாண்டிவிடும், மிச்சம் வெட்டுப்படும். போதாக்குறைக்கு அந்தச் சாய்கோட்டை விமானக் கணினி குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதற்காக வைத்திருக்கிறது. நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது! ஆகவே பதிவு செய்யும்போது சாய்கோட்டை விட்டுவிட்டு, மற்றதெல்லாம் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். போர்டிங் பாஸில் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டால் பயப்படவேண்டாம். முன்பதிவில் சரியாக இருக்கவேண்டும், அதுவே முக்கியம். அன்று குமாஸ்தா எழுதியதைப் பாட்டனால் படிக்க முடியவில்லை. இன்று நம்மால் முடியும்.

இளைஞர்களுக்கு இன்னொரு வார்த்தை. "போறேன் இந்தியாவுக்கு" என்று போர்டிங் பாஸைப் படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள். அந்தக் கோலத்தைக் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். பெயரும் முன்பதிவு எண்ணும் கிடைத்தால் உங்கள் பயணத்தையே ஒருவர் மாற்றிவிட வாய்ப்புண்டு.

கைக்கடிகார விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பார்க்க அழகு, வேலைக்குக் கொஞ்சம் இடைஞ்சல். கருவியின் கண்ணாடி ஒரு பக்கம், கடிகாரம் கட்டிய கை மறுபக்கம். கருவியின் வாய் குறுகலாக இருந்தால் கையை உள்ளே விட்டு முறுக்க வேண்டியிருக்கும். கைப்பேசியே எளிது. ஆனால் இரு கையிலும் மூட்டை வைத்திருப்பவருக்குக் கடிகாரம் உதவும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் விட்டது. ரஜூலா வந்த அதே வழி! கூலிமிலிருந்து புறப்பட்டு, நம் கெடா சுல்தான் பெயரைத் தாங்கிய இரண்டாம் பாலத்தில் கடலைக் கடந்தால் பாயான் லெப்பாஸ் பக்கம்தான். வாரக் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்ற பழைய கேள்வி மட்டும் சுருங்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், குடும்பமாகப் போகும்போது ஐந்து பேர் சீட்டும் பெரும்பாலும் பேரன் கைப்பேசியில்தான் இருக்கிறது. பேரன் கழிப்பறைக்குப் போனால் தாத்தா பாட்டி சோதனை வரிசையில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். "சீட்டு எங்கே?" என்று கேட்டால், "தம்பிகிட்ட இருக்கு" என்பதே பதில். எழுபது வயதில், சொந்தக் காசில் போகும்போதும், கங்காணி காலத்துப் பதில்! பேரன் அன்பானவன்தான், கங்காணியோடு அவனை ஒப்பிடுவது அநியாயம். இருந்தாலும் கையில் ஒன்று இல்லாமல் நிற்கும் முதியவரின் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

இதற்கு வழி எளிது. பாட்டியின் சீட்டைப் பாட்டியின் கைப்பேசிக்கே அனுப்பிவிடுங்கள். அதைத் திரைப்படமாகப் பிடித்துப் படத்தொகுப்பில் போட்டு வைத்தால் இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். எப்படித் திறப்பது, வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்று வீட்டிலேயே நாலு தடவை பழக்கிவிடுங்கள். கைப்பேசி வேண்டாம் என்பவருக்கு முகப்பில் தாள் அட்டை கேட்டு வாங்கிக் கொடுங்கள். இந்தியப் பயணத்துக்கு விசா பார்க்கவேண்டியிருப்பதால் எப்படியும் முகப்புக்கு வரச்சொல்லலாம், அப்போதே கேட்டுவிடலாம். சென்னையில் திரும்பும்போது விமான நிலையக் கட்டடத்துக்குள் நுழையவே வாசலில் காவலர் சீட்டையும் கடப்பிதழையும் கேட்பார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐரோப்பாவில் ரயன் ஏர் நிறுவனம் 2025 நவம்பர் 12 முதல் தாள் போர்டிங் பாஸையே எடுத்துவிட்டது. கைப்பேசி செத்துப்போனால் விமான நிலையத்தில் இலவசமாக உதவுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் நம் பக்கமும் வரக்கூடும். பெரியவர்களைப் பழக்குவதற்கு நமக்கு இருக்கும் அவகாசம் அதுவரைக்கும்தான்.

கடைசியாக ஒன்று. கைப்பேசியிலுள்ள சீட்டு, விமானம் இறங்கியதும் பழையன பட்டியலுக்குப் போய், கைப்பேசி மாறும்போது காணாமலும் போய்விடுகிறது. கப்பல் சீட்டோ சிலர் வீட்டில் இன்னும் இருக்கிறது. குடியுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில் வந்த தேதிக்குத் தாள் இல்லாமல் திண்டாடியவர் கதையும் நம் தோட்டங்களில் கேட்டிருப்பீர்கள். ஆகவே மாணவர்களே, இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டிகளைப் பெரியவர்கள் அனுமதியோடு திறந்து பாருங்கள். ரஜூலா சீட்டோ, பழைய கடப்பிதழோ, சிவப்புக் கார்பன் படிந்த விமானச் சீட்டோ கிடைத்தால், மடிப்பில் கிழியாதபடி எடுத்து, படியெடுத்துக் கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி, பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.