தறியில் தொடங்கிய கதை

அனகாபுத்தூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். என் சிறுவயதில் நெசவாளி என்றால் தறியில் உட்காரும் ஆண்தான். பக்கத்தில் இராட்டை வைத்துத் தார் சுற்றிய பெண்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முலான் கதைப்பாடலைப் படித்தபோது அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

வட சீனத்தில் வெய் அரச மரபின் காலத்தில் உருவானதாகக் கருதப்படும் அந்தப் பாடல், தறியின் முன் தொடங்குகிறது. நாடா ஓடும் ஓசை இல்லை. நெய்யும் பெண்ணின் பெருமூச்சுதான் கேட்கிறது. படைக்கு ஆள் கேட்டு ஓலை வந்திருக்கிறது. தந்தைக்கு வயதாகிவிட்டது, மூத்த மகன் இல்லை. ஆண் உடையில் போய்ப் பல ஆண்டுகள் போரிட்ட முலான், அரசன் தரும் பதவியை மறுத்து வீடு திரும்புகிறாள். பாடலில் அவளுக்குக் கணவன் இல்லை.

பின்வந்தவர்களுக்கு அது போதவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சூ வெய் எழுதிய நாடகம் அவளுக்குக் கட்டிய பாதங்களையும் முடிவில் கல்யாணத்தையும் கொடுத்தது. 17ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றில், அரசனின் ஆசைநாயகியாக மறுத்து உயிரை விடுகிறாள். 1998இல் வந்த டிஸ்னி படத்தில் தளபதி அவள் வீடு தேடி வருகிறான்.

வாளேந்திய முலானை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள், தறிதான் மறைந்துபோனது. போருக்குப் போகும் முன்பே அவள் உழைப்பாளி. இந்தக் கதையை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தறியிலிருந்தே தொடங்குவோம்.